கூரையில் பெய்த மழை எங்கே போகிறது?

(தில்லியில் ஒரு வளர்கல்வி மையத்தில், வீட்டுக்காரர்களும் வாடகைக்குக் குடியிருப்போரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் மழையைப் பற்றிப் பேசப் போகிறோம்.

தில்லியில் மே மாதம் என்ன நடக்கிறது? தண்ணீர் லாரி எப்போது வரும் என்று காத்திருக்கிறோம். லாரி வந்ததும் குடத்தோடும் ரப்பர் குழாயோடும் ஓடுகிறோம். ஒரு குடம் தண்ணீருக்குச் சண்டை நடக்கிறது.

ஜூலை மாதம் என்ன நடக்கிறது? அதே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. சாக்கடையும் மழைநீரும் கலந்து வாசற்படி ஏறுகிறது. அரிசிப் பையையும் பிள்ளைகளின் புத்தகத்தையும் தூக்கிக் கட்டில் மேல் வைக்கிறோம்.

மே மாதம் தண்ணீர் இல்லை என்று அழுகிறோம். ஜூலை மாதம் தண்ணீர் வந்துவிட்டது என்று அழுகிறோம். இவை இரண்டு கவலைகள் போலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பெய்த மழையை நாம் பெய்த இடத்தில் நிறுத்துவதில்லை. அதைத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம்

நீங்கள் இப்போது எழுதவும் படிக்கவும் கற்றவர்கள். கணக்கும் போடுவீர்கள். ஆகவே நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மழையை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இடம் ஒரு சதுர மீட்டர். அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கும். இது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மொட்டைமாடி 100 சதுர மீட்டர். தில்லிக்காரர்கள் கஜத்தில் பேசுவார்கள். இது ஏறத்தாழ 120 கஜம்.

தில்லியில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 770 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100-ஐ 770-ஆல் பெருக்குங்கள். 77,000 லிட்டர். ஒரே ஒரு வீட்டு மாடியில், ஓர் ஆண்டில், இவ்வளவு தண்ணீர் விழுகிறது. இதில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையில் விழுந்துவிடுகிறது.

சில நாள் மழை ஒரேயடியாகக் கொட்டும். 2024-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி காலை வரை, 24 மணி நேரத்தில், தில்லி சப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர் மழை பதிவானது. 1936-க்குப் பிறகு ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு மழை அங்கே பெய்ததில்லை.

அன்று நம் 100 சதுர மீட்டர் மாடியில் விழுந்த தண்ணீர் எவ்வளவு? 22,800 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் வாளியில் அள்ளினால் 1,520 வாளி. அப்படி 100 வீடு உள்ள தெருவில் 22 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர்.

சிறு துளி பெருவெள்ளம் என்று சொல்வோம். பணம் சேர்க்கச் சொல்லும் பழமொழி அது. மழைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. ஒவ்வொரு வீட்டுத் துளியும் சேர்ந்துதான் தெருவில் வெள்ளம்.

அந்தத் தண்ணீர் யார் வாசலுக்குப் போகிறது?

முன்பு வீட்டைச் சுற்றி மண் இருந்தது. மரம் இருந்தது. ஊருக்குக் குளம் இருந்தது. மழைநீரை மண் குடித்தது. மிச்சத்தைக் குளம் வாங்கியது.

இன்று முற்றத்துக்குச் சிமெண்டு போட்டுவிட்டோம். வாசலுக்கும் போட்டுவிட்டோம். மரத்தின் அடிவரைக்கும் போட்டுவிட்டோம். சிமெண்டு தண்ணீரைக் குடிக்காது. மாடித் தண்ணீர் குழாய் வழியாகத் தெருவில் விழுகிறது. தெருவிலிருந்து வடிகாலுக்கு ஓடுகிறது. எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. வடிகால் தாங்குமா?

தில்லி நகருக்கு 1976-இல் ஒரு வடிகால் திட்டம் தீட்டினார்கள். பல பத்தாண்டுகள் அந்தத் திட்டத்தை வைத்தே காலம் தள்ளினார்கள். இதற்குள் ஊர் பல மடங்கு வளர்ந்துவிட்டது. வடிகாலில் மண்ணும் பிளாஸ்டிக்கும் வேறு அடைத்துக்கொள்கின்றன.

தண்ணீருக்கு மேடு பள்ளம் ஒன்றுதான் தெரியும். மேட்டு வீட்டுக்காரர் தள்ளிய தண்ணீர் பள்ளத்து வீட்டுக்காரர் அறைக்குள் போகிறது. பாலத்தின் கீழே தேங்குகிறது. தரைக்குக் கீழே உள்ள அறையில் நிறைகிறது.

2020 ஜூலையில் மிண்டோ பாலத்தின் கீழே தேங்கிய தண்ணீரில் ஒரு வண்டி ஓட்டுநர் இறந்தார். 2024 ஜூலை 27-ஆம் தேதி பழைய ராஜேந்திர நகரில் தெருத் தண்ணீர் ஒரு கட்டடத்தின் நிலவறைக்குள் பாய்ந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இத்தகைய சாவுகளுக்குக் காரணம் ஒன்று அல்ல, பல. அந்தப் பலவற்றில் ஒன்று, தெருவில் வந்த தண்ணீருக்குப் போக இடம் இல்லை என்பது. அந்த ஒன்றில் நம் கை இருக்கிறது. அதை நாம் மாற்றலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வீடுகளில் மாடி மழைக் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு சேர்த்துவிடுகிறார்கள். மழை வந்தால் கழிவுநீர்க் குழாய் நிரம்பிவிடும். தாழ்வான வீட்டுக் கழிப்பறை வழியாக அழுக்கு நீர் மேலே பொங்கும். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் உடனே பிரித்துவிடுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நான்கு வழிகள் உண்டு. உங்கள் வீட்டுக்கு எது ஏற்றதோ அதைச் செய்யுங்கள்.

முதல் வழி, தொட்டி. மாடிக் குழாயின் கீழே டிரம் அல்லது தொட்டி வையுங்கள். அந்தத் தண்ணீர் துணி துவைக்கும், வீடு கழுவும், செடிக்கு ஊற்றும். கட்டாயம் மூடி போடுங்கள். மூடாத டிரம்மில் டெங்குக் கொசு முட்டையிடும்.

இரண்டாம் வழி, மண்ணைத் திறந்து விடுவது. முற்றத்துச் சிமெண்டில் ஒரு பகுதியை உடைத்து எடுங்கள். செடி வையுங்கள். மரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் மண் தெரியட்டும். இதற்குச் செலவு மிகக் குறைவு.

மூன்றாம் வழி, உறிஞ்சு குழி. ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் குழி வெட்டலாம். அடியில் பெரிய கருங்கல். அதன் மேல் ஜல்லி. எல்லாவற்றுக்கும் மேலே பருமணல். மாடித் தண்ணீர் மணலில் விழும். அழுக்கு மணலோடு நின்றுவிடும். தண்ணீர் கீழே இறங்கி மண்ணுக்குள் போகும்.

இந்தக் குழியில் கல்லும் மணலும் போக உள்ள இடைவெளியில் 1,500 முதல் 2,000 லிட்டர் வரை ஒரே நேரத்தில் நிற்கும். நிற்கும்போதே மண்ணில் இறங்கிக்கொண்டும் இருக்கும். 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் நம் மாடியில் விழுவது 2,000 லிட்டர். ஆக, சாதாரண மழையில் உங்கள் மாடித் தண்ணீர் அநேகமாகத் தெருவுக்கே வராது. பேய்மழையை ஒரு குழி முழுதும் தாங்காது. அது உண்மை. ஆனால் முதலில் வரும் தண்ணீரை அது பிடித்து வைக்கும். வடிகாலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

நான்காம் வழி, பழைய கிணறு அல்லது ஆழ்குழாய்க் கிணறு இருந்தால், மாடி நீரை வடிகட்டி அதில் விடுவது. இதில் மிகுந்த கவனம் தேவை. மாடி நீரைத் தவிர வேறு நீர் அதில் போகக் கூடாது. முற்றம் கழுவிய நீர், தெரு நீர், வண்டி கழுவிய நீர் போகவே கூடாது. கிணற்றில் விட்ட அழுக்கு நிலத்தடி நீரில் சேரும். அதை நாமே குடிப்போம்.

குழியை அஸ்திவாரத்தை ஒட்டி வெட்டாதீர்கள். கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் வெட்டாதீர்கள். யமுனைக் கரைப் பகுதி போல, கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும் இடத்தில் குழி உதவாது. அங்கே தொட்டியே நல்லது.

நகரம் ஏன் பணம் தர வேண்டும்?

"குழி என் வீட்டில். தண்ணீர் என் மாடித் தண்ணீர். நகரம் எதற்குப் பணம் தரும்?" என்று கேட்கலாம்.

நல்ல கேள்வி. உங்கள் குழியால் பலன் பெறுவது யார்? நீங்கள் மட்டும் அல்ல. உங்கள் தெரு. பள்ளத்தில் இருக்கும் வீடு. வடிகாலைக் கவனிக்கும் மாநகராட்சி. தண்ணீர் கொடுக்கும் குடிநீர் வாரியம். பலன் எல்லோருக்கும் என்றால் செலவும் எல்லோருக்கும்தானே? ஊர் கூடித் தேர் இழுப்பது போல இது. வீட்டுக்காரர் ஒரு வடம் பிடிக்கிறார். நகரம் ஒரு வடம் பிடிக்கிறது.

தில்லியில் 100 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று விதி வந்தது. விதி மட்டும் போதவில்லை. செலவுக்கு அஞ்சிப் பலர் செய்யவில்லை. எனவே 2021-இல் தில்லி அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. மழைநீர் சேகரிப்பு அமைக்கும் வீட்டுக்கு, மனையின் அளவுக்கு ஏற்ப, 50,000 ரூபாய் வரை உதவி. முறையாக அமைத்துவிட்டால் தண்ணீர்க் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி. குழி வெட்டாமல், குழாயிலேயே வடிகட்டி வைத்து ஆழ்குழாய்க் கிணற்றில் விடும் முறையையும் அப்போது ஏற்றார்கள். ராஜஸ்தானின் துங்கர்பூர் ஊரில் பழகிய முறை அது. குழியைவிடச் செலவு குறைவு.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் வேலைக்கு 30,000 ரூபாய் ஆகிறது. நகரம் 10,000 ரூபாய் தருகிறது. மீதி 20,000. கீழ் வீட்டுக்காரரும் மேல் வீட்டுக்காரரும் பகிர்ந்தால் ஆளுக்கு 10,000. தனி ஆளாகச் செய்தால் 30,000. சேர்ந்து செய்தால் 10,000. சேர்ந்து செய்வதில் எவ்வளவு மிச்சம் பாருங்கள்.

இது தில்லியில் மட்டும் நடக்கும் காரியம் அல்ல. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் மழை மிக அதிகம். ஆனாலும் கோடையில் கிணறுகள் வற்றின. மழை சரிவில் ஓடிக் கடலில் சேர்ந்துவிடும். 2008-இல் மாவட்ட நிர்வாகம் 'மழைப்பொலிமா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கூரை நீரை ஏந்தி, குழாயில் இறக்கி, வடிகட்டிக் கிணற்றில் விட்டார்கள். செலவில் ஒரு பங்கு அரசுடையது, ஒரு பங்கு வீட்டாருடையது.

அமெரிக்காவில் பிலடெல்பியா என்று ஒரு பழைய நகரம். அங்கே பல பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. மழை வந்தால் நிரம்பி ஆற்றில் கலந்துவிடும். புதிய பெரிய குழாய் புதைப்பதற்குச் செலவு மிக அதிகம். எனவே 2011-இல் அந்த நகரம் 25 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பெய்த இடத்திலேயே மழைநீரை மண்ணில் இறக்குவது அதன் நோக்கம். வீட்டு முற்றத்தில் மழைத் தோட்டம் போடவும், சிமெண்டுத் தரையை எடுக்கவும் செலவில் ஒரு பங்கை நகரம் ஏற்றது. மீதியை வீட்டுக்காரர் கொடுத்தார். பணக்கார நாட்டு நகரமே வீட்டாரின் துணை இல்லாமல் வெள்ளத்தைச் சமாளிக்க முடியாது என்று கண்டுகொண்டது.

முதலில் கேளுங்கள், பிறகு வெட்டுங்கள்

உதவி பெறும் போது சில விஷயங்களில் விழிப்பாக இருங்கள்.

ஒன்று. உதவித்தொகையும் விதியும் மாறும். வேலை தொடங்கும் முன்பே குடிநீர் வாரிய அலுவலகத்துக்குப் போங்கள். இன்றைய விதி என்ன, என் மனைக்கு எவ்வளவு, யாருடைய சான்று வேண்டும் என்று கேளுங்கள். விடையை எழுதி வாங்குங்கள். அல்லது நீங்களே எழுதிக்கொண்டு, சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு. இத்தகைய திட்டங்களில் பொதுவாக வேலை முடிந்த பிறகுதான் பணம் வரும். கையில் உள்ள பணத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். வட்டிக்கு வாங்கித் தொடங்காதீர்கள்.

மூன்று. தண்ணீர் பில், வீட்டுப் பத்திரத்தின் நகல், கொத்தனார் கொடுத்த ரசீது, சிமெண்டும் குழாயும் வாங்கிய ரசீது ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். குழி வெட்டும் போதும், கல் நிரப்பும் போதும் படம் எடுத்து வையுங்கள். மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நான்கு. படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "நான் எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்று இடைத்தரகர் வருவார். விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது. எழுத்துக் கற்றதன் பயன் இதுதான்.

ஐந்து. தண்ணீர் பில்லே வராத வீட்டுக்குத் தள்ளுபடியால் லாபம் இல்லை. பில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

சின்ன வீட்டுக்காரர் என்ன செய்வார்?

இங்கே ஒரு நியாயமான குறையைச் சொல்ல வேண்டும். 2021 அறிவிப்பில் உதவித்தொகை 100 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு. மறுகுடியமர்த்தல் காலனியில் 25 கஜ வீட்டில் இருப்பவருக்கு அது இல்லை. அவர் வீட்டில் குழி வெட்ட இடமும் இல்லை. ஆனால் வெள்ளம் முதலில் நுழைவது பல நேரம் அவர் வீட்டில்தான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பத்து, இருபது வீட்டார் சேருங்கள். தெருவின் பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ பொதுக் குழி கேளுங்கள். வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதுங்கள். மனுவில் கணக்கை எழுதுங்கள். எத்தனை வீடு, எத்தனை சதுர மீட்டர் கூரை, எத்தனை லிட்டர் தண்ணீர், எந்தெந்தத் தேதியில் வீட்டுக்குள் நீர் வந்தது என்று எழுதுங்கள். வாயால் சொன்ன குறை காற்றில் போகும். எண்ணோடு எழுதிய குறை கோப்பில் நிற்கும்.

வாடகைக்கு இருப்பவர்களே, வீட்டுக்காரரிடம் இந்தத் திட்டத்தைச் சொல்லுங்கள். உதவி அவருக்கு. நனையாத வீடு உங்களுக்கு.

பெரிய வீட்டுக்காரர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தள்ளுபடி கிடைக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் முற்றத்துக் குழி, பள்ளத்து வீட்டுக்காரரின் வாசலுக்கு ஒரு தடுப்புச் சுவர். நீங்கள் பிடித்து வைத்த ஒவ்வொரு வாளித் தண்ணீரும் அவர் வீட்டுக்குள் நுழையாத ஒரு வாளித் தண்ணீர்.

கட்டினால் போதுமா?

போதாது. பல இடங்களில் குழி இருக்கிறது. ஆனால் மண் அடைத்துக் கிடக்கிறது. சில இடங்களில் அதைவிட மோசம். தில்லி துவாரகாவில் அடுக்குமாடி வளாகங்களின் குழிகளைச் சோதித்தார்கள். பல இடங்களில் நிலத்தடி நீர் கெட்டிருப்பதாக 2023-இல் செய்தி வந்தது. சரியாகப் பராமரிக்காத குழி நன்மைக்குப் பதில் தீமை செய்யும்.

தில்லியில் வழக்கமாக ஜூன் கடைசி வாரம் மழைக்காலம் தொடங்கும். அதற்கு முன்பே இவற்றைச் செய்து முடியுங்கள்.

மாடியைப் பெருக்கிக் கழுவுங்கள். குழாய் வாயில் வலை கட்டுங்கள். குழியின் மேல் மணலை எடுத்துக் கழுவிப் போடுங்கள், அல்லது புது மணல் போடுங்கள். முதல் மழையின் நீர் தூசியும் பறவை எச்சமும் கலந்தது. அதைக் குழியில் விடாமல் வெளியே விடுங்கள். மழைக் காலத்தில் வாரம் ஒரு முறை வலையில் சிக்கிய இலையை எடுங்கள்.

இந்த வேலைக்கு அதிகாரி தேவை இல்லை. அரை நாள் போதும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்யலாம்.

நண்பர்களே, வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். ஆற்றுக்கு அணை கட்ட அரசு வேண்டும். கூரை நீருக்கு அணை கட்ட நாம் போதும். செலவில் ஒரு பங்கு கொடுக்க நகரமும் வருகிறது. அந்தப் பங்கு தானம் அல்ல. அது உங்கள் உரிமை. கேட்டு வாங்குங்கள். உங்கள் பங்கையும் செய்யுங்கள். அப்போது மே மாதம் நிலத்தில் நீர் இருக்கும். ஜூலை மாதம் வாசலில் நீர் இருக்காது.



கணக்குப் போடுவோம், பேசுவோம்

1. உங்கள் வீட்டுக் கூரை எத்தனை சதுர மீட்டர்? 10 மில்லிமீட்டர் மழையில் அதில் எத்தனை லிட்டர் விழும்?

2. உங்கள் மாடிக் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது? இன்றே போய்ப் பாருங்கள்.

3. உங்கள் தெருவில் தண்ணீர் முதலில் எந்த வீட்டுக்குள் போகிறது? அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

4. பொதுக் குழி கேட்டு வார்டு கவுன்சிலருக்கு ஒரு மனு எழுதுங்கள். அதை மையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.